வாயு மூலைத் தொட்டியும் வாசல் குழாயும்: வேலூரில் ஒரு புது வீட்டின் கழிவுநீர்க் கணக்கு

இடம் சத்துவாச்சாரியை ஒட்டிய மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவு. மனை 2¾ சென்ட், முப்பதுக்கு நாற்பது அடி. கிழக்குப் பார்த்த வாசல். கீழே வீட்டுக்காரர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரரின் அப்பா என ஐந்து பேர். மாடியில் ஒரு போர்ஷன், வாடகைக்கு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருபவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கும் ஊரில் மாடி போர்ஷன் காலியாகக் கிடக்காது. ஆகவே ஒன்பது பேர் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டோம்.

தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் பதித்திருந்தார்கள். மேன்ஹோல் மூடிகளும் இருந்தன. ஆனால் லைன் இன்னும் ஓடவில்லை. தெருக்கோடியிலிருந்து பம்பிங் ஸ்டேஷன் போகும் துண்டு பாக்கி. மேஸ்திரி வழக்கம்போல வாயு மூலையில் (வடமேற்கில்) செப்டிக் டேங்குக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார். வீட்டுக்காரருக்குச் சந்தேகம். எப்படியும் பாதாள சாக்கடை வரப்போகிறதே, தொட்டிக்கு எதற்குச் செலவு? அவருடைய அப்பாவுக்கு, நைனாவுக்கு, சந்தேகமே இல்லை.

"தம்பி, தொட்டின்னா நம்ம கையில இருக்குது. குழாய்னா தெருவே அடைச்சிக்கினா நம்ம வீட்லதான் பொங்கும். மாசாமாசம் காசு வேற கட்டணும். இன்னாத்துக்கு?"

இந்தக் கேள்வியைக் கிழவர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன மூன்றில் இரண்டு சரி. அடைப்பு வரும், காசும் கட்ட வேண்டும். தவறு முதல் வரியில்தான். தொட்டி நம் கையில் இருக்கிறது, அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் நம் கையில் இல்லை.

தொட்டி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

செப்டிக் டேங்க் ஒரு படிவுத் தொட்டி. கனமானது அடியில் சேறாகப் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது, நடுவில் இருக்கும் கலங்கல் நீர் வெளியேறுகிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அடிச்சேற்றை மெல்லத் தின்று குறைக்கும். வெளியே போகும் நீரில் நோய்க்கிருமிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால்தான் இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2470, தொட்டியோடு நிறுத்தாமல், அந்த நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழியையும் சேர்த்தே பேசுகிறது. தொட்டி பாதி வேலையைத்தான் செய்கிறது, மீதியை மண் செய்ய வேண்டும்.

நம் ஊரில் நடப்பது வேறு. ஒன்று, அடியில் கான்கிரீட் போடாமல் நாலைந்து சிமெண்ட் உறையை இறக்கிவிட்டு அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைப்பார்கள். "பத்து வருசமா எடுக்கவே இல்ல சார்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது இந்த ரகம். எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்றால் அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் ஒழுங்காகத் தொட்டி கட்டி, அதன் வெளிக்குழாயை இராத்திரியோடு இராத்திரியாகத் தெருவின் மழைநீர்க் கால்வாயில் சொருகிவிடுவார்கள். பாலாறு கெட்டது தோல் தொழிற்சாலைகளால் என்று நமக்கெல்லாம் மனப்பாடம். 1996 ஆகஸ்டில் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தத் தொழிற்சாலைகளைப் பார்த்துத்தான். வீட்டுக் கால்வாயெல்லாம் அதே ஆற்றைப் பார்த்துத்தான் சரிகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த மனையில் மண் அந்த மீதிப் பாதியைச் செய்யுமா என்று பார்க்கக் குழி தோண்டினோம். நாலடி மொரம்பு (சரளை மண்), அதற்குக் கீழே பாறை. சோதனைக் குழியை முதலில் நன்றாக ஊறவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அறுபது நிமிடத்துக்கு மேல் போனால் அந்த மண்ணை நம்பி உறிஞ்சு குழி போடக்கூடாது. இங்கே மாலையில் ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றது. பாறைப் பகுதியில் இன்னொரு வம்பும் உண்டு. மொரம்பில் மெல்ல ஊறும் நீர், பாறை வெடிப்பு ஒன்று கிடைத்துவிட்டால் வடிகட்டல் எதுவும் இல்லாமல் நேராக ஓடும். அது யார் ஆழ்துளைக் கிணற்றில், போரில், போய் நிற்கும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

பதினெட்டு மீட்டர்

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், குடியிருக்கும் கட்டடத்துக்கு 6 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது தரநிர்ணயம். முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பது அடிதான். அதாவது 15.24 மீட்டர். ஒரு மூலையில் குழியும் எதிர் மூலையில் போரும் போட்டாலும் விதி நிறைவேறாது. இரண்டுக்கும் நடுவில் வீடு வேறு நிற்க வேண்டும்.

இது நம் மனைக்குள் மட்டும் பார்த்த கணக்கு. வாஸ்துவையும் உள்ளே கொண்டுவந்தால் கதை இன்னும் மோசமாகிறது. வாஸ்துப்படி தண்ணீர் ஈசானியத்தில், வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். வீடு தோறும் இதே விதி. இப்போது பின்பக்கத்து மனையை நினைத்துப் பாருங்கள். நமக்கு மேற்கே, முதுகோடு முதுகு ஒட்டிய மனை. அவருடைய ஈசானியம் எங்கே வருகிறது? நம்முடைய வாயு மூலை எங்கே முடிகிறதோ, சரியாக அதே புள்ளியில். நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டுமே. இரண்டு வீட்டுக்காரரும் சாஸ்திரத்தை ஒரு அங்குலம் பிசகாமல் கடைப்பிடித்தால், நம் கழிவுத் தொட்டியும் அவர் குடிக்கும் போரும் அக்கம்பக்கம் உட்காரும். இந்த முறை தனித்தனித் தோட்ட வீடுகளுக்குப் பொருந்தியிருக்கலாம். வரிசையாக மனை போட்டு விற்கும் இடத்தில் அது அண்டை வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகமாகவே முடிகிறது.

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தோம். போர் மோட்டாரின் தகர மூடி அங்கேதான் இருந்தது. அந்த வீட்டம்மா குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறதுக்கு கேன் தண்ணிதான் வாங்கறோம்பா. சோறாக்க, பல் துலக்க எல்லாம் இதான்."

நைனா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவரைத் திருப்பியது என் வாதமில்லை, அந்தத் தகர மூடி.

போர்த் தண்ணீரை வைத்திருப்பவர்கள் கிருமியை மட்டும் பார்த்தால் போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து வரும் நைட்ரேட் கொதித்தாலும் போகாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. வேலூருக்கு இதில் தனிப் பொறுப்பே இருக்கிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கையும் வளர்ச்சிக் குறைவையும் எட்டு நாடுகளில் ஆராய்ந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களம் நம் வேலூர்தான், நடத்தியது சி.எம்.சி. அழுக்கான சூழல் குழந்தையின் குடலை என்ன செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் ஒன்று இது.

மட்டம்

சரி, தொட்டி வேண்டாம், குழாய்தான் என்று முடிவு செய்தால் போதுமா? போதாது. பாதாள சாக்கடை வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில், ஓடுவது. இந்த வீட்டு விஷயத்தில் மாதக் கட்டணம், டெபாசிட் என்று பேசிக்கொண்டிருந்த எல்லோரும் தவறவிட்டது இதைத்தான்.

தெரு மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு முற்றம் தெருவைவிட 15 செ.மீ. உயரம். வாசலில் விட்டிருந்த இணைப்புக் குழாயின் அடிமட்டம் தெருவுக்குக் கீழே 60 செ.மீ. அது ஆழம் குறைவு. 90 செ.மீ. இருந்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது.

மேஸ்திரியின் பிளானில் பொதுக் கழிவறை முன்பக்கம், மாடிப்படிக்குக் கீழே. இணைந்த கழிவறை பின்பக்கம். தொட்டி வாயு மூலையில். முன்கழிவறைக் குழாய் 35 செ.மீ. ஆழத்தில் புறப்பட்டு, ஒன்பது மீட்டர் பின்னால் போகிறது. நாற்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் 22½ செ.மீ. இறக்கம். தொட்டிக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் 5 செ.மீ. ஆக 62½. நாளைக்குத் தெருக் குழாயில் சேர்க்க, அங்கிருந்து வாசல்வரை பதின்மூன்றரை மீட்டர் திரும்பி வர வேண்டும். அறுபதுக்கு ஒன்று வாட்டத்தில் இன்னொரு 22½. மொத்தம் முற்றத்துக்குக் கீழே 85, தெருவுக்குக் கீழே 70. வாசல் குழாயோ 60-இல் இருக்கிறது. பத்து செ.மீ. பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறோம். அதாவது மேஸ்திரி பிளானில் வீட்டைக் கட்டி முடித்திருந்தால், லைன் ஓடத் தொடங்கும் நாளில் மோட்டார் வைத்துத்தான் கழிவை ஏற்ற வேண்டியிருக்கும். இல்லையென்றால் வாட்டத்தைக் குறைத்துக் குழாயைப் போட்டுவிட்டு, மாதத்துக்கொரு முறை கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

பல வீடுகளில் "பாதாள சாக்கடை கனெக்‌ஷன் கொடுத்ததிலிருந்து அடைப்புதான்" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் தெருவில் இல்லை. பின்னால் போய்விட்டு முன்னால் திரும்பி வரும் இந்தக் குழாயில்தான்.

கடைக்கால் தோண்டவில்லை என்பது நல்ல காலம். பொதுக் கழிவறையைப் படிக்குக் கீழிருந்து எடுத்து, இணைந்த கழிவறைக்கு முதுகில் ஒட்டி வைத்தோம். இரண்டுக்கும் ஒரே சேம்பர், அதாவது குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி. அந்தச் சேம்பரிலிருந்து வாசலுக்கு வடக்குச் சந்தில் பத்து மீட்டர், 17 செ.மீ. இறக்கம். சேம்பருக்கு வரும்போது ஆழம் 38. கூட்டினால் முற்றத்துக்குக் கீழே 55, தெருவுக்குக் கீழே 40. இருபது செ.மீ. கையிருப்பு. செலவு? ஒரு சுவரின் கோடு மாறியது, அவ்வளவுதான். மேஸ்திரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். படிக்குக் கீழே கழிவறை வைப்பது அவர் கையெழுத்து.

லைன் ஓடும்வரை

குடி புகும்போது லைன் ஓடாது என்பது தெரிந்தே இருந்தது. ஆகவே தொட்டி கட்டத்தான் வேண்டும். ஆனால் நிரந்தரம் என்று நினைத்துக் கட்டுவதற்கும் தற்காலிகம் என்று நினைத்துக் கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பத்துப் பேருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேறு எடுப்பதாக இருந்தால், ஐ.எஸ். 2470 சொல்லும் அளவு 2 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர். மேஸ்திரி கோடு போட்டிருந்தது இதைவிட மூன்று மடங்கு. பெரிய தொட்டி கட்டினால் எடுக்க வேண்டாம் என்ற நம்பிக்கை. நாங்கள் அளவுக்குள் நின்று, மிச்சமான காசை அடித்தளத்திலும் உட்பூச்சிலும் போட்டோம். நீர் கசியாமல் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே மூடினோம். இடம் வாயு மூலைப் பக்கம்தான், ஆனால் பின்சுவரிலிருந்து விலக்கி. நைனாவின் சாஸ்திரமும் கெடவில்லை.

சேம்பரில் இரண்டு வழி. ஒன்று தொட்டிக்கு. இன்னொன்று வாசலுக்குப் போகும் 110 மி.மீ. பிவிசி குழாய், முழுக்கப் பதித்து, எண்ட் கேப் போட்டு மூடியது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பிறகு செய்தால் சந்தின் தரையையே உடைக்க வேண்டியிருக்கும். புது வீடு கட்டுகிற யாருக்கும், தெருவில் லைன் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு மூடிய குழாயை நான் வற்புறுத்துவேன்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீருக்கு உறிஞ்சு குழி கிடையாது என்று ஆகிவிட்டது. ஜல்லி நிரப்பிய இரண்டாவது சிறு அறையில் கீழிருந்து மேலாக ஏறவிட்டு, அதன் பிறகே கால்வாயில் விட்டோம். சுத்தமான வழி என்று இதைச் சொல்ல மாட்டேன். கலங்கல் குறையும், கிருமி குறைவது கொஞ்சமே. பின்வீட்டுப் போருக்குள் அனுப்புவதைவிடக் கேடு குறைவு, அவ்வளவே. மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் இதே சந்தில் போடவிருந்தார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான ஏற்பாடு அது, பிளானுக்காக எங்கேயாவது ஒரு குழி என்ற அளவில் முடிகிறது. மழைநீர்க் குழி என்பது நிலத்தடி நீருக்கு நாமே திறந்துவிடும் கதவு. அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாமா? முன்பக்கம் தெற்கே நகர்த்தினோம்.

சேர்த்த பிறகு

லைன் ஓடத் தொடங்கியதும் விண்ணப்பம், கட்டடப் பரப்பை வைத்து டெபாசிட், அனுமதி. உள்வேலை அரைநாளில் முடிந்தது. எண்ட் கேப்பைக் கழற்றி, தொட்டிக்குப் போகும் வழியை அடைத்தார்கள்.

இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கழிவறைக் குழாயை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டு, தொட்டியின் வெளிக்குழாயை மட்டும் தெருவில் சேர்க்கிறார்கள். தொட்டியில் கிடந்து அழுகிய நீர் ஹைட்ரஜன் சல்ஃபைடோடு தெருக் குழாய்க்குள் போகும். மேன்ஹோலின் கான்கிரீட்டை அரிப்பது அந்த வாயுதான். தொட்டியில் சேறு சேர்வதும் நிற்காது. இரண்டு பக்கச் செலவும் நம் தலையில். தொட்டியைத் தாண்டித்தான் குழாய் போக வேண்டும்.

தொட்டியை "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றார் நைனா. இதில் விட்டுக்கொடுக்கவில்லை. சும்மா கிடக்கும் தொட்டியில் வாயு தேங்கும், கொசு அடையும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் செப்டிக் டேங்கைப் போலப் பிடித்த இடம் வேறில்லை. லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு போட்டு, அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி மூடியாயிற்று. உள்ளே யாரும் இறங்கவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதே, கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "அடி மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கு, ஒரு ஆளை விட்டுச் சுரண்டிடலாம் சார்" என்று லாரிக்காரர் சொன்னால், சுரண்டாமலே மூடுங்கள் என்பதுதான் பதில்.

லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2014-இலேயே தமிழக அரசு இதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. ஏரியிலும் ஆற்றிலும் கொட்டினால் தொட்டி கட்டியதற்கே அர்த்தமில்லை.

நைனாவின் இரண்டாவது பயம், தெரு அடைத்தால் வீட்டில் பொங்குவது. அதற்கு வாசல் சேம்பரில் எதிரோட்டம் தடுக்கும் வால்வு ஒன்று வைத்தோம். ஆனால் அதைவிட முக்கியம் மட்டம். தெருக் குழாய் அடைத்தால் கழிவு மேன்ஹோல் மூடி உயரம்வரை ஏறும். அந்த மூடியைவிடத் தாழ்வாக யார் வீட்டுக் கழிவறை இருக்கிறதோ, முதலில் அங்கேதான் வழியும். இன்றைக்கு நம் முற்றம் தெருவைவிட 15 செ.மீ. மேலே. ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டால் இரண்டு முறையில் நாம் கீழே போய்விடுவோம். 2022-இல் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்துச் சிமெண்ட் ரோடு போட்ட படம் நாடெங்கும் சுற்றியது நம் ஊரிலிருந்துதான், மேன்ஹோல் மூடி எம்மாத்திரம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று தெருவாசிகள் நின்று கேட்க வேண்டிய இடம் இது. வீட்டுக்காரர் கழிவறைத் தரையை முற்றத்துக்கு மேலே இரண்டரை அடி தூக்கிய பேஸ்மட்டத்தில் வைத்திருக்கிறார். அது கொஞ்ச காலம் தாங்கும்.

தம்பி வீடு

அதே குடும்பத்தில் தம்பி, பாலாற்றின் வடகரையில் விருதம்பட்டு பக்கம் ஐந்து சென்ட் வாங்கியிருக்கிறார். அண்ணன் வீட்டைப் பார்த்துவிட்டு "எனக்கும் அதே மாதிரி போட்டுக் குடுங்க" என்றார். அதே மாதிரி போட முடியாது. அங்கே தெருவில் லைனே இல்லை. மண்ணும் நேர்மாறு, ஆற்று மணல். ஊற்றினால் நிற்காது. நல்லதுதானே என்று தோன்றும். வேகமாக இறங்கும் நீர் சுத்தமாவதற்கு நேரம் கிடைக்காது, அந்த மணலுக்குள்தான் ஊரின் ஊற்று நீரும் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது பார்த்தோம், நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் உறிஞ்சு குழி உறிஞ்சாது, திருப்பிக் கொடுக்கும். காலியான தொட்டியையே நீர் அடியிலிருந்து தூக்கிவிடும்.

அங்கே முடிவு செய்தது: கசியாத தொட்டி, அதன் மேல்மூடி தெரு மட்டத்துக்கு ஒன்றரை அடி உயரத்தில். ஜல்லி அறை. அதிலிருந்து வரும் நீர் குழிக்குப் போகாமல், உயர்த்திக் கட்டிய பாத்தியில் வாழைக்கும் கல்வாழைக்கும், வீட்டுப் போரிலிருந்து முடிந்த அளவு தள்ளி. ஐந்து சென்ட் என்பதால் அதற்கு இடம் இருக்கிறது, 18 மீட்டரும் கிட்டத்தட்ட வருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லாரி. வாசலுக்கு மூடிய குழாய் அங்கேயும் உண்டு. அதன் ஆழத்தை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. தெருவில் எந்த மட்டத்தில் லைன் வரும் என்ற வரைபடம் கிடைக்கும்வரை முன்பக்கத் தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு அதில் வருத்தம், தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்.